ரெண்டுதரமும் கலா நைட்டும்

திண்டுக்கல் மாவட்டத்தில் எடுத்த காரியத்தை முடிக்கத் தெரியாதவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பாதியில் விடுவதையே ஒரு பதவியாக வைத்துக்கொண்டு, அதற்கு வருஷா வருஷம் சால்வையும் வாங்கி, இரண்டு தட்டு பிரியாணியும் சாப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் ரெண்டுதரம்.

ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் வேறு ஏதோ பெயர் வைத்திருப்பார். அதைக் கண்டுபிடிக்க நான் மெனக்கெட்டதில்லை. எங்கள் கத்தோலிக்கப் பங்கின் பிறரன்புச் சங்கம் வருஷத்துக்கு ஒரு முறை நடத்தும் ஏலத்தில் அவர்தான் ஏலம் விடுவார். "ஒரு தரம்" என்பார். "ரெண்டு தரம்" என்பார். அதோடு நின்றுவிடுவார். மூன்றாவது தரம் வருவதற்குள் ஒரு பஸ் மதுரைக்குப் போய்த் திரும்பி வந்துவிடும். அதனால் அந்தப் பெயர்.

அவரைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதப் போகிறேன் என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அங்கே சமையல் குறிப்பு இருக்கும். எனக்கு அந்த மனுஷன்மேல் பல வருஷக் கடுப்பு. முதியோர் இல்லத்துப் பசு ஒன்று, விற்றுப்போனதா இல்லையா என்று யாருக்கும் தெரியாமல் இன்றுவரை தொழுவத்தில் நின்று வைக்கோல் தின்கிறது. அந்தக் குழப்பத்துக்கும் அவர்தான் காரணம்.

எனக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம். சங்கத்து நோட்டீஸை ஓசியில் அடித்துத் தருகிறேன் என்பதற்காக என்னைத் துணைச் செயலாளர் ஆக்கி வைத்திருக்கிறார்கள். ரெண்டுதரத்துக்கு அய்யலூர் ஆட்டுச்சந்தையில் தரகு வேலை. சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் தொட்டுத்தான் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன விலை என்று தெரியக்கூடாது. சந்தைக்கு அது சரி. அச்சகத்துக்கு எதற்கு? முதன்முதலாக நோட்டீஸுக்கு மேட்டர் கொடுக்க வந்த அன்றே, தோளில் கிடந்த துண்டை என் கைமேல் போட்டு என் நடுவிரலைப் பிடித்து நசுக்கினார். அந்தத் துண்டில் நாலு கிடாயின் வாடை.

"என்னய்யா பண்றீக?"

"நோட்டீஸுக்கு வெல பேசுறேன்."

"ஓசிதான்யா. சங்கத்து வேலைக்கு நான் காசு வாங்குறதில்ல."

"அது எனக்கும் தெரியும். அதுக்காக வெல பேசாமலா வாங்கிட்டுப் போறது?"

ஓசிக்குப் பேரம் பேசி, என் சுண்டுவிரலை மடக்கிவிட்டு, "சரி, முடிஞ்சது" என்று எழுந்தார். அவர் இழுக்காமல் முடித்து நான் பார்த்த ஒரே வியாபாரம் அதுதான்.

மனிதர்களையும் அவர் ஆடு பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். முதலில் பல், அப்புறம் இடுப்பு. புதிதாக வந்த பங்குச் சாமியார், பாவம், ஒல்லியானவர். அவரை வரவேற்கப் போன இடத்தில் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாமி, பழைய பங்குல தீவனம் சரியில்லையோ?" என்று கேட்டார். சாமியார் அதற்கும் சிரித்தார். நானாக இருந்தால் கோயில் பக்கமே வரக்கூடாது என்று சொல்லியிருப்பேன்.

அந்த ஏலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நோட்டீஸ் அடித்தவன் என்ற முறையில் அது என் அலமாரியில்தான் இருக்கிறது. பழைய நோட்டீஸ்களில் "அசனமும் ஏலமும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஏலம். ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய், வாழைத்தார், சேவல், தேங்காய் எல்லாம் ஏலத்துக்கு வரும். பிறகு அசனம், எல்லாருக்கும் பிரியாணி. வருகிற காசு சின்னாளபட்டி போகிற வழியில் சங்கம் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு. பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன முப்பது அம்மாமார் அங்கே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள ஒரு மதரும் மூன்று சிஸ்டர்களும்.

நான் கலந்துகொண்ட முதல் ஏலத்தில் ஒரு பூசணிக்காய் வந்தது. போனால் போகிறது என்று ஒரு விலை கேட்டேன். எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றவர் மைக்கை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மைக்கை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

"பிரஸ்காரரு கேட்டிருக்காரு. இவுக அப்பா யாருன்னு தெரியுமா? கடைசி வரைக்கும் முன் பெஞ்சுல உக்காந்து பூசை கண்ட மனுசரு. அம்புட்டுப் பெரிய மனுசரோட மகன் இந்தக் காய்க்கு இம்புட்டுத்தான் கேக்குறாரு. பரவால்ல. வீட்டுல என்ன கஷ்டமோ, யாருக்குத் தெரியும்?"

எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் கூட்டமே திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. என் மனைவி முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். வேறு வழியில்லாமல் என் விலையை நானே ஏற்றினேன். மறுபடி "ரெண்டு தரம்." மறுபடி மைக் இறங்கியது. இந்த முறை என் தங்கச்சி கல்யாணத்தில் சாப்பாடு எப்படி இருந்தது என்று ஆரம்பித்தார். மூன்று முறை என்னோடு நானே போட்டி போட்டு ஜெயித்து, அந்தப் பூசணிக்காயைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். பதினைந்து நாள் பூசணிக்காய்தான் வெஞ்சனம். பதினாறாம் நாள் என் மனைவி, "அடுத்த வருசம் அந்தாளு கண்ணுல படாம தூணுக்குப் பின்னாடி நில்லுங்க" என்றாள்.

தூணுக்குப் பின்னால் நின்றும் பார்த்துவிட்டேன். "தூணுக்குப் பின்னாடி இருந்து ஒரு கை தெரியுதே, அது பிரஸ்காரரு கையில்ல?" என்று கேட்டு ஒரு சேவலைத் தலையில் கட்டினார். நான் கொசு அடித்தேன், அவ்வளவுதான்.

இன்னொரு வருஷம், பூட்டுக் கடைக்காரர் ஒருவர் இரண்டு கிலோ எடையில் ஒரு பூட்டைக் காணிக்கையாகக் கொடுத்தார். திண்டுக்கல்லில் போய்ப் பூட்டை ஏலம் விட்டால் யார் எடுப்பார்கள்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரெண்டுதரம் கோபித்துக்கொள்ளவில்லை. மேடையை விட்டு இறங்கிப் போய், வளாகத்து கேட்டை இழுத்துச் சாத்தி, அந்தப் பூட்டையே மாட்டிப் பூட்டிவிட்டு வந்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிரியாணி அண்டா கேட்டுக்கு வெளியே பள்ளிக்கூட மைதானத்தில் இருந்தது. காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடித்தது.

"பூட்டு நல்ல பூட்டு. நீங்களே இழுத்துப் பாத்துக்கங்க" என்றார் மைக்கில். "ஏலம் எடுக்குறவுகளுக்குச் சாவி. அவுக தொறந்து விட்டா எல்லாரும் சாப்புடப் போகலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்லப்பா, நான் காலையிலயே சாப்ட்டேன்."

கால் மணி நேரத்தில் அந்தப் பூட்டு போன விலைக்கு ஒரு கதவையே வாங்கியிருக்கலாம். கடைசியில் எடுத்தவர் பங்குச் சாமியார். அவருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

இதே ஏலத்தில்தான் ஒரு வருஷம் யாரோ நேர்ச்சை என்று ஒரு கிடாரிக் கன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்கள். பின்னங்கால் ஒன்று சற்று இழுக்கும். அதனால் யாரும் கேட்கவில்லை. ரெண்டுதரம் தொண்டை கிழியக் கத்தியும் "ஒரு தரம்" சொல்லக்கூட ஒரு விலை வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அவர் அந்தக் கன்றை இல்லத்துக்கு நடத்திக்கொண்டு போய் வாசலில் கட்டி, "மதர், இது மிச்சம்" என்று சொல்லிவிட்டு, தன் பாட்டுக்கு வந்துவிட்டார். பொறுப்பான மனுஷன் செய்கிற காரியமா இது? இல்லத்தில் மாட்டுக்கு யார் புல் அறுப்பார்கள் என்றாவது யோசிக்க வேண்டாமா?

இல்லத்தில் சவரியம்மாள் என்று ஓர் அம்மா இருக்கிறார். வேடசந்தூர்ப் பக்கத்துக்காரர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி வண்டியில் ஏற்றிய மகன், இல்லத்து வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அப்புறம் வரவே இல்லை. வந்த நாளிலிருந்து அந்த அம்மா யாரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை. "இது மிச்சம்" என்ற சத்தம் கேட்டு அன்றைக்குத்தான் கட்டிலை விட்டு எழுந்து வந்தார். "மிச்சமாம்ல, மிச்சம். வாயப் பாரு" என்று ரெண்டுதரத்தைத் திட்டிக்கொண்டே கன்றின் காலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்தார். மறுநாள் அதற்கு மிச்சம்மா என்று பெயர் வந்துவிட்டது. கன்று வளர்ந்து பசுவானது. இல்லத்துக் காப்பிக்கு அதன் பால்தான். சவரியம்மாள் பசுவோடு பேசுவார், மற்றவர்களிடம் பசுவைப் பற்றிப் பேசுவார். அதைத் தாண்டி அவருக்கு வேறு பேச்சு கிடையாது. மிச்சம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாளும் அவர் சாப்பிடவில்லை. அந்தப் பசு போனால் அவர் என்ன ஆவார் என்பது இல்லத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். நிலம் வாங்கி விற்கிறவர். வெளிநாட்டில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்திருந்தார். அங்கே ஏதோ தர்ம விருந்தைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. கமிட்டிக் கூட்டத்தில் மேஜையைத் தட்டினார்.

"வேப்பமரம், பூசணிக்கா, சேவல், இதெல்லாம் போதும். இனிமே நம்ம கலா நைட் நடத்துறோம்."

"கலா யாரு தலைவரே?" என்றார் ரெண்டுதரம்.

"யாருமில்லய்யா. கலான்னா இங்கிலீஷ்ல ஒரு விருந்து. பெரிய மனுசங்க கோட்டு சூட்டுப் போட்டு வந்து உக்காந்து சாப்புடுவாங்க, ஏலம் எடுப்பாங்க, நன்கொடை குடுப்பாங்க."

"அதத்தான நாம வேட்டி கட்டிக்கிட்டுச் செய்றோம்?"

தலைவர் அன்றைக்கே பைபாஸில் ஏசி கல்யாண மண்டபம் பிடித்தார். எனக்குப் போன் செய்து, "பெரிய எழுத்துல கலா நைட்னு போடுங்க. மேல நல்லதா ஒரு படம் வைங்க" என்றார். இதற்கு அடுத்து நடந்ததில் என் பங்கு உண்டு, மறைத்துப் பயனில்லை. என் கம்ப்யூட்டரில் கிடப்பதெல்லாம் பத்திரிகைப் படங்கள். வாழைமரம், குத்துவிளக்கு, யானை, பட்டுச்சேலையில் கைகூப்பி நிற்கும் ஒரு பெண். அந்தப் பெண்ணைத் தூக்கி மேலே வைத்தேன். அவள் காலடியில் "கலா நைட்." அதற்குக் கீழே "தங்கள் நல்வரவை நாடும்" என்று தலைவர் பெயர்.

பார்க்கிறவன் என்ன நினைப்பான்? தலைவர் வீட்டில் கலா என்ற பெண்ணுக்கு ஏதோ விசேஷம் என்றுதான் ஊரே நினைத்தது. சடங்கா, நிச்சயமா என்று விசாரித்துப் பார்த்துத் தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று மொய்க் கவரோடும் எவர்சில்வர் குடத்தோடும் வந்து இறங்கினார்கள். கவரில் "செல்வி கலாவுக்கு" என்று எழுதியிருந்தது. ஒரு பெரியவர் தாய்மாமன் சீர் எந்த வாசல் வழியாக வரும் என்று என்னிடமே கேட்டார். ஒன்றுமே கேட்காதவர் தலைவரின் மனைவி மட்டும்தான். நோட்டீஸை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கணவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரெண்டுதரம் மைக்கைப் பிடித்தார். நிலைமையை விளக்குவார் என்று நினைத்தேன்.

"கலாவைப் பாக்க வந்த சொந்தபந்தங்க எல்லாம் உக்காருங்க. புள்ள உள்ள சீவிச் சிங்காரிச்சுக்கிட்டு இருக்கு. அந்தக் கொடத்தையெல்லாம் மேடைக்குக் கொண்டாங்கப்பா" என்றார். அத்தனை குடத்தையும் வாங்கி வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக அதைக் கொண்டுவந்தவருக்கே ஏலம் விட்டார். வெட்கங்கெட்ட மனுஷன். அதைவிட வெட்கம், ஜனங்கள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனதுதான்.

தலைவர் இதோடு திருந்தினாரா என்றால் இல்லை. அடுத்த வருஷம் மறுபடியும் கலா நைட். இந்த முறை படமே வேண்டாம் என்று எனக்கு மூன்று போன் வந்தது. விருந்தாளிகள் ஒவ்வொருவருக்கும் குச்சியில் ஒட்டிய ஒரு நம்பர் அட்டை. விலை கேட்க வாயைத் திறக்க வேண்டாம், அட்டையைத் தூக்கினால் போதும் என்று ஏற்பாடு. அதெல்லாம் சரி, மண்டபத்து ஏசி வேலை செய்ய வேண்டாமா? சித்திரை வெயில். எல்லாரும் அட்டையை எடுத்து விசிற ஆரம்பித்துவிட்டார்கள். ரெண்டுதரத்துக்கு விசிறி என்றும் விலை என்றும் பேதமில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வியர்வைக்கு விசிறியே மூன்று வாழைத்தாருக்குச் சொந்தக்காரர் ஆனார்.

அன்றைக்குக் கடைசியாக ஏலத்துக்கு வந்தது மிச்சம்மா.

இது கமிட்டியில் முடிவானது. "பாக்கெட் பால் வாசலுக்கே வருது. இல்லத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சது. மாடு, சாணி, ஈ, இதெல்லாம் சுகாதாரக் கேடு" என்று தலைவர் பேசினார். சிறுமலை அடிவாரத்தில் அவர் ஒரு பண்ணை வீடு கட்டியிருந்தார். வாரத்தில் ஒரு நாள் போய் ஊஞ்சலில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிற இடம். அந்தப் போட்டோவில் ஒரு மாடு இல்லாதது அவருக்குக் குறையாக இருந்தது. நல்ல விலை தானே தருவதாகச் சொன்னார். மதர் அரை மனதோடு தலையாட்டினார். நானும் கையைத் தூக்கினேன். எல்லாரும் தூக்கும்போது என்ன செய்ய? ரெண்டுதரமும் தூக்கினார். "விக்கிறதுன்னா விப்போம், அதுக்கென்ன" என்றார். அந்த நிமிஷம் அவரை அறைந்துவிடலாம் போலிருந்தது. என்னையும்தான்.

சவரியம்மாளிடம் யார் போய்ச் சொல்வது என்று மதர் கேட்டபோது கமிட்டியில் ஒரு கைகூட எழவில்லை.

ஏலத்தில் மாட்டைத் திரையில் படமாகக் காட்டுவதாகத்தான் திட்டம். ரெண்டுதரம் ஒத்துக்கொள்ளவில்லை.

"படத்தைக் காட்டி மாடு விக்கிறது எங்க சந்தையில கெடையாது. உருப்படியக் கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். சிவப்புக் கம்பளத்தின்மேல் மிச்சம்மா காலை இழுத்து இழுத்து நடந்து வந்தது. கழுத்தில் செவ்வந்திச் சரம். கம்பளத்தில் செய்யக்கூடாததைச் செய்தது. வீடியோக்காரர் அதில் வழுக்கி விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு கூடவே சவரியம்மாள் வந்தார். அன்று காலையில்தான் அவருக்கு விஷயம் தெரியும். மதரைப் பார்த்து, "காலு இழுக்குற மாட்ட யாரு வாங்குவா மதர்? ஒருத்தரும் வாங்கமாட்டாக" என்றார். மதர் தரையைப் பார்த்தார்.

தலைவர் தன் அட்டையைத் தூக்கி விலையைச் சொன்னார். பெரிய விலைதான். எதிர் விலை இல்லை. மண்டபத்தில் அத்தனை பேரும் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டுதரம் மேடையிலிருந்து இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சவரியம்மாளின் கைமேல் போட்டு, தன் கையை உள்ளே விட்டார்.

"இங்க எதுக்குய்யா அந்தக் கூத்து? விலைதான் சொல்லிட்டேனே?" என்றார் தலைவர்.

"வாங்குறவுக சொல்லிட்டீக. விக்கிறவுக சொல்லலயே. தரகன் ரெண்டு பேருகிட்டயும் கேக்கணும்ல?"

துண்டு லேசாக ஏறி இறங்கியது. பிறகு அவர் அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனார்.

"ஒரு தரம்."

சவரியம்மாள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"ரெண்டு தரம்."

நின்றார். வழக்கமாக நிற்கிற மாதிரிதான் நின்றார். பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார். ஊதி ஊதிக் குடித்தார். தலைவர் எழுந்துவிட்டார்.

"மூணு தரம்னு சொல்லுய்யா!"

"சொல்லாம எங்க தலைவரே போயிரப் போறேன்? செத்த நேரம் பொறுங்க. ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்."

கம்பியில்லாத மைக்கைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். அதை அவர் அணைக்கவில்லை. மண்டபத்து ஸ்பீக்கர்களில் செருப்புச் சத்தம் கேட்டது. "பிரியாணி தம் போட்டாச்சாப்பா?" என்று கேட்டது. "எலும்பு கொஞ்சம் கூடவே வையி" என்றது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அப்புறம் ஒரு மொபெட்டை நாலு உதை உதைக்கும் சத்தம். அது கிளம்பிப் போகப் போகக் கரகரவென்று தேய்ந்து நின்றுவிட்டது.

அப்போதுதான் தலைவருக்குப் புரிந்தது. "அந்தாளு போனாப் போறான். பிரஸ்காரரே, நீங்க துணைச் செயலாளர்தான? நீங்க சொல்லுங்க மூணாவது தரத்த" என்றார். தொண்டை கட்டிக்கொண்டது என்று சைகை காட்டினேன். அன்றைக்கு என் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை.

பங்குச் சாமியார் என்னிடமிருந்து நோட்டீஸை வாங்கினார். வருஷா வருஷம் அடியில் பொடி எழுத்தில் நான் போடுகிற ஒரு வரி உண்டு. "ஏலம் விடுபவர் மூன்று தரம் கூறிய பிறகே பொருள் எடுத்தவருக்குச் சொந்தம்." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

"ஏலம் விடுபவர்னு ஒருத்தரைத்தானே போட்டிருக்கு. வேற ஆள் சொன்னாச் செல்லாதே" என்றார். பிறகு, "சாப்பாடு ஆறிடப் போகுது" என்று எழுந்தார். அவருக்குச் சர்க்கரை என்பதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

சவரியம்மாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வந்த கம்பளத்தின் வழியாகவே மாட்டை ஓட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போய்விட்டார்.

நாலு நாள் கழித்து ரெண்டுதரம் அச்சகத்துக்கு வந்தார். மைக்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வாயில் வந்தபடி திட்டினேன். "வயித்துல கோளாறுய்யா. நான் என்ன செய்ய?" என்றார். அடுத்த வருஷம் மைக்கைப் பிடித்ததும் முதல் வேலையாக, "போன வருச ஏலம் ஒண்ணு நெலுவையில இருக்கு. மிச்சம்மா, ரெண்டு தரம்! மிச்சத்த அப்பறம் பாப்போம்" என்று ஆரம்பித்தார். அதற்கடுத்த வருஷமும் அதேதான். அவரை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடத் தலைவர் முயற்சி செய்தார். ஜனங்கள் அந்த ஆள் இல்லையென்றால் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ரசனை கெட்ட ஊர். கடைசியில் தலைவர் வேறு ஒரு மாட்டை வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார். போன வருஷம் "மிச்சம்மா, ரெண்டு தரம்!" என்றபோது அவர் மனைவி சிரித்தார், அப்புறம் அவரும் சிரித்துவிட்டார்.

இந்த வருஷம் ரெண்டுதரம் ஆட்டுச்சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிழைத்து வந்தார். இரண்டு மாதத்தில் வீட்டில் வைத்து மறுபடியும் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் போனேன். ஏலத் தேதி நெருங்குகிறது, நோட்டீஸில் யார் பெயரைப் போடுவது என்று கேட்கத்தான் போனேன். வேறு ஒன்றுமில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் சவரியம்மாள் உட்கார்ந்திருந்தார். தூக்குவாளியில் மிச்சம்மாவின் பால். பஸ் ஏறிக் கொண்டுவந்திருக்கிறார். "குடி. வாயப் பாக்காத, குடி" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அவர் பாத்திரம் கழுவ வெளியே போனதும், இத்தனை வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குத் துண்டுக்குள்ள அந்தம்மா என்னதான்யா வெல சொல்லுச்சு?"

ரெண்டுதரம் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெலயே சொல்லலய்யா. கைய இறுக்கி மூடிக்கிச்சு. எம்புட்டு நெம்பியும் ஒரு வெரலு விரியல. எங்க சந்தையில கை மூடுனா, உருப்படி விக்கிறதுக்கில்லன்னு அர்த்தம். அதுக்கு மேல தரகன் பேசப்படாது. பேசுனா அவன் தரகன் இல்ல, திருடன்."

"அத மேடையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? எதுக்கு அந்த ஓட்டம்?"

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்லலாமா? என்ன மனுசன்யா நீங்க?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். பல் பாதி இல்லை.

"இப்ப நமக்கே ஏலம் நடக்குது பிரஸ்காரரே. சந்தையில ஒரு தரம். வீட்டுல ரெண்டு தரம். மேல இருக்கவரு நம்மள மாதிரி நிறுத்தி நிதானமாச் சொல்ற ஆளா, இல்ல படபடன்னு முடிக்கிற ஆளான்னுதான் தெரியல."

தலையணைக்கு அடியிலிருந்து துண்டை இழுத்து என் கைமேல் போட்டார். அதில் கிடா வாடை இல்லை. ஆஸ்பத்திரியில் துவைத்த சோப்பு வாடை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

"நீங்க சொல்லுங்க. பழைய உருப்படி. பல்லு போச்சு, காலும் இழுக்குது. என்ன வெலைக்குத் தள்ளிவிடலாம்?"

துண்டுக்குள் அவர் விரல்கள் வந்து என் விரல்களைத் தேடின. நான் கையை இறுக்கி மூடிக்கொண்டேன்.